மனித உடல் கண்காட்சிக்குப் போகிறீர்களா? துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போவது போலக் கிளம்புங்கள்

மருத்துவக் கல்லூரியில் கண்காட்சி என்று பேச்சு வந்ததும் நெல்லைப் பக்கத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருகிற கேள்வி, "பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமா, ராத்திரி பயந்துராதா?" என்பதுதான். கேள்வி என்னிடம் வரக் காரணம், நான் இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை ஒரு ஆளைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். "அதையெல்லாம் பார்த்தால் குமட்டும், வெறும் வயிற்றோடு போவோம்" என்று பலர் நினைக்கிறார்கள், அதுதான் தப்பு. நான் சுமந்த ஆள் என் மச்சினன். ஆறடி உயரம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறவன். அவன் காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, காற்றே இல்லாத ஹாலுக்குள் நுழைந்து, இரண்டாவது மேசையிலேயே சரிந்துவிட்டான். கூட வந்த பதினோரு வயசுப் பிள்ளை ஜம்மென்று நின்றது. ஆகவே தைரியத்துக்கும் மயக்கத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பசி, புழுக்கம், அசையாமல் நிற்பது, திடீரென்று மனசுக்குள் ஒரு அதிர்ச்சி, இவ்வளவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அவ்வளவுதான்.

விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அடிக்கடி கொட்டாவி வரும், முகம் வெளிறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை வரும், காது அடைத்த மாதிரி இருக்கும். அப்போதே "ஒண்ணும் இல்ல" என்று சமாளிக்காமல் தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். யாராவது விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடியுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். அரை நிமிஷத்தில், ஒரு நிமிஷத்தில் கண் விழிப்பார்கள். விழிக்கவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், அங்கே டாக்டருக்கா பஞ்சம். நம் ஊரில் உடனே ஒருவர் சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றப் பார்ப்பார், இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். முழு நினைவு வரும்வரை வாயில் எதையும் ஊற்ற விடாதீர்கள், புரை ஏறிவிடும். சாவிக்கொத்தால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

அடுத்தது நெடி. உள்ளே போனதும் கண் எரியும், தொண்டை கரகரக்கும். பலரும் அதைப் பிண வாடை என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அது ஃபார்மலின் நெடி. ஃபார்மால்டிஹைடு என்கிற வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. கிருமியையும் கொல்லும், உடலில் இருக்கிற புரதங்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கியும் விடும். அதனால்தான் அந்த உடல் அழுகுவதில்லை, அதனால்தான் உள்ளே இருக்கிற ஈரல் கசாப்புக் கடையில் பார்க்கிற ஈரல் மாதிரி இல்லாமல் ரப்பர் மாதிரி, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கிறது. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், தொந்தரவு ஜாஸ்தி உள்ளவர்கள் போகாமல் இருப்பது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மாசமாக இருக்கிற பெண்களைத் துட்டி வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் இல்லையா, இங்கேயும் அனுப்ப வேண்டாம், இங்கே அதற்கு ஃபார்மலின் என்கிற நல்ல காரணமே இருக்கிறது.

உள்ளே பெரும்பாலும் முதலில் எலும்புகள், பிறகு ஜாரில் போட்ட உறுப்புகள், அப்புறம் முழு உடல் என்று வைத்திருப்பார்கள். பிள்ளைகளோடு போனால் இந்த வரிசையிலேயே போங்கள், எலும்பில் நிறைய நேரம் நில்லுங்கள், பயம் தெளிய அதுதான் நல்ல இடம். ஒவ்வொரு மேசையிலும் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் வருஷ மாணவர் ஒருவர் மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பிப்பார். இடையில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். "இவருக்கு என்ன சீக்கு, எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கும் முகம் மலர்ந்துவிடும். ஆனால் புகை பிடித்தவரின் கறுத்த நுரையீரல் இருக்கிற ஜார் முன்னால், பீடி சுற்றிப் பிழைக்கிற நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், அந்த ஜாரையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

கரு வளர்ச்சியை மாசவாரியாக ஜாரில் வைத்திருக்கும் இடம் கடைசியில் வரும். குழந்தை தங்காமல் போனவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் அந்த மேசையை விட்டு ஒதுங்கிப் போகட்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லியிருக்கலாம்.

சரி, முழு உடல். பெரும்பாலும் முகத்தை மூடித்தான் வைத்திருப்பார்கள். நாங்கள் போன ஒரு தடவை மேசையில் கிடந்தது வயசான ஒரு பெண். முகத்தில் துணி. துணி கொஞ்சம் விலகி ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. காது மடல் நீளமாகத் தோள்பட்டை வரை தொங்கியது, வளர்த்த துளையில் இரண்டு விரலை நுழைக்கலாம். பாம்படம் என்கிற கனத்த காதணி போட்ட காது. ஃபார்மலினில் ஊறிக் கறுத்திருந்தாலும் நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியாமல் போகாது. என் அக்கா மகள் என் கையைப் பிடித்து, "மாமா, இது நம்ம ஆச்சி காது மாதிரில்லா இருக்கு" என்றாள். அதுவரை பிணத்தை "கெடாவர்", "கெடாவர்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மாணவரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பையன்கள் செல்போனைத் தூக்கியிருந்தார்கள், ஒருத்தன் அவனாகவே கீழே இறக்கினான், மற்றவனை நான் இறக்க வைத்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இங்கே எப்படி நடந்துகொள்வது என்று தனியாக யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, துட்டி கேட்கப் போன வீட்டில் எதெல்லாம் செய்யமாட்டோமோ அதையெல்லாம் இங்கேயும் செய்யக்கூடாது. படம் எடுக்கமாட்டோம். சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டோம். கிடக்கிறவருக்குப் பட்டப்பெயர் வைக்கமாட்டோம். தொட்டுப் பார்க்கமாட்டோம். திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம், நெடி முடியிலும் துணியிலும் ஒட்டியிருக்கும் என்பதால் இங்கேயும் அது பொருத்தம். அப்புறம், துட்டி வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி, "இறந்தது யாரு?" அதையும் கேட்க வேண்டும்.

பெயரைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் உடல் எப்படி வந்தது என்று கேட்கலாம். மருத்துவக் கல்லூரிக்கு உடல் வரும் வழி முக்கியமாக இரண்டு. உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்தவர்கள், இல்லையென்றால் கேட்பாரில்லாமல் ஆஸ்பத்திரியிலோ ரோட்டிலோ இறந்தவர்கள். இரண்டாவது வகையினர் யாரும் "என்னைப் பார்க்க வாருங்கள்" என்று நம்மைக் கூப்பிடவில்லை. அந்தப் பாம்படக் காதுக்காரர் எந்த வகை என்று நான் கேட்டேன், மாணவருக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கண்காட்சிகளிலும் இதே கேள்விதான் பெரிய வழக்காகப் போயிருக்கிறது. ஓடுகிற மாதிரி, சீட்டு விளையாடுகிற மாதிரி தோலுரித்து நிறுத்தியிருப்பார்களே, அது பிளாஸ்டினேஷன். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் 1977இல் கண்டுபிடித்தது. உடலில் இருக்கிற தண்ணீரையும் கொழுப்பையும் அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் வைத்து அசிட்டோன் ஆவியாகப் போக, அந்த இடத்தில் சிலிக்கோன் என்கிற ரப்பர் மாதிரிப் பொருளை ஏற விட்டு இறுக வைக்கிறார்கள். ஒரு முழு உடலுக்குச் சுமார் 1,500 மணி நேர வேலை. நெடி கிடையாது. 1995இல் ஜப்பானில் முதல் கண்காட்சி, பிறகு உலகம் முழுக்கக் கூட்டம். தங்கள் கண்காட்சியில் இருக்கிற உடல்கள் விருப்பத்தோடு எழுதிக்கொடுத்தவர்களுடையவை என்று ஹாகென்ஸ் தரப்பினர் சொல்கிறார்கள். அதைப் பார்த்து வேறு சிலர் சீனாவிலிருந்து உடல்களை வாங்கிப் போட்டியாகக் கண்காட்சி நடத்தினார்கள். 2008இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தலையிட்டு, "இவை மரண தண்டனை பெற்ற கைதிகளின் உடல்கள் அல்ல என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது" என்ற பொருளில் வாசலில் அறிவிப்பு வைக்கச் செய்தார். 2009இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த மாதிரி ஒரு கண்காட்சியை மூடவே சொல்லிவிட்டது. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்னால் வாசல் பலகையையும் இணையதளத்தையும் பாருங்கள், "தானமாக எழுதிக்கொடுத்தவர்கள்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று. மழுப்பலாக இருந்தால் நான் என்றால் போகமாட்டேன்.

ஆஸ்பத்திரி வேண்டாம், ஆனால் பார்க்கணும் என்கிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வழி ஆதிச்சநல்லூர். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 24 கிலோமீட்டர், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டக் கணக்கில் வருகிறது. தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி பதித்து 2023 ஆகஸ்டில் திறந்தார்கள், காலடியில் முதுமக்கள் தாழிகள் தெரியும். 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டி அள்ளிக்கொண்டு பெர்லினுக்குப் போன அதே பரம்பு, அதாவது மேட்டு நிலம். இங்கே சதை கிடையாது, எலும்பும் தாழியும்தான், சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே முதல் பாடமாக இருக்கட்டும். மத்தியான வெயிலில் போகாதீர்கள், பரம்பில் நிழல் குறைவு.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்தவப் புனிதர் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாடு வரை நடந்த அவர், 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். சுண்ணாம்பு போட்டுப் புதைத்தும் கெடாமல் இருந்த உடல் 1554இல் கோவா வந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கீழே இறக்கி, ஜனங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி வைப்பார்கள், கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தார்கள். மற்ற நாளில் பாம் ஜீசஸ் கோயிலில் உயரத்தில் இருக்கிற பேழையை அண்ணாந்துதான் பார்க்க முடியும். நெல்லையிலிருந்து ஜாம்நகர் போகிற ரயில் மட்கான் வழியாகப் போகிறது, இறங்கிப் பழைய கோவாவுக்குப் பஸ். அங்கே நிற்பவர்கள் யாரும் "ஸ்பெசிமென்" என்று சொல்வதில்லை, முழங்கால் போடுகிறார்கள்.

பார்த்துவிட்டு வந்து "நானும் எழுதிக்கொடுக்கலாமா" என்று கேட்கிறவர்களுக்கு: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையில் போய்ப் படிவம் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, இறந்த பிறகு வீட்டார்தான் உடனே தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அவர்கள் மனசு மாறினால் அதோடு முடிந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைத் தனியாகக் கொடுக்கலாம், இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் உடனே சொல்லிவிட வேண்டும். என் அம்மா அந்தக் காது கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கு எல்லாரும் இருக்கீங்க, நானே போய்ப் படுத்துக்கிடுதேன்" என்று படிவம் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்து, அவள் கையெழுத்தும் என் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அண்ணன் இன்னும் போடவில்லை. கோயில் கொடைக்கு ஊருக்கு வருவான், அப்போது கேட்க வேண்டும்.