ப்ரீசீசனில் தடுமாறும் குவாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் (NFL) நிஜ சீசனுக்கு முன் ஆகஸ்டில் ஆடும் ஒத்திகை ஆட்டங்கள்தான் ப்ரீசீசன். பாஸ் வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். முதலில் நான் ஏமாந்த கதை. 2023 ஆகஸ்ட், பிட்ஸ்பர்க். ஊர் முழுக்க மஞ்சள் துண்டு சுழன்றுகொண்டிருந்தது. (மஞ்சள் துண்டு என்றதும் நம்மவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். இது எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸின் ரசிகர்கள் மைதானத்தில் தலைக்கு மேல் சுழற்றும் துண்டு.) அந்த அணியின் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட் மூன்று ப்ரீசீசன் ஆட்டங்களில் மொத்தம் ஐந்து டிரைவ் (பந்து தன் அணியிடம் இருக்கும் ஒரு முறை) ஆடினார். ஐந்திலும் டச்டவுன். 15 பாஸில் 13 ரிசீவர் கைக்குப் போனது, 199 யார்டு, 2 டச்டவுன் பாஸ், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) ஒன்றுகூட இல்லை. பாசர் ரேட்டிங் (பாஸ் வீசுபவருக்கான மதிப்பெண்) கணக்குப் போட்டால் 158.3 வரும். அந்தச் சூத்திரத்தில் அதற்கு மேல் எண்ணே கிடையாது.

அலுவலக ஃபேன்டசி லீக்கில் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் எண்களை வைத்து ஆடும் போட்டி) மற்றவர்கள் பெரிய பெயர்களுக்கு அடித்துக்கொண்டபோது நான் சத்தமில்லாமல் பிக்கெட்டை எடுத்துக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். சீசனின் முதல் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ எங்கள் ஊருக்கு வந்து 30-7 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த வருடம் 12 ஆட்டங்களில் பிக்கெட் வீசிய டச்டவுன் பாஸ் மொத்தமே 6. லீக்கில் நான் கடைசி.

அப்புறம்தான் உறைத்தது. நல்ல எண் பொய் சொல்லும் என்றால் மோசமான எண்ணும் சொல்லுமே? ஆகஸ்டில் ஒருவர் தடுமாறினால் அது நிஜத் தடுமாற்றமா, சூழ்நிலை அப்படியா என்று எப்படிப் பிரிப்பது? அடுத்த இரண்டு கோடைகாலம் பழைய ஆட்டங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். டவுன் என்றால் என்ன, பாக்கெட் என்றால் என்ன என்பதெல்லாம் இதில் இல்லை. ஒரு சீசன் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

கையில் என்ன வேண்டும்

ஆட்டத்தின் பதிவு (நேரலையில் பார்த்து எடைபோடவே முடியாது, முயற்சி செய்யாதீர்கள்), கோடு போட்ட ஒரு நோட்டு, பென்சில், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். ஸ்ப்ரெட்ஷீட் வேண்டாம் என்பது என் கட்சி. கட்டம் கட்டமாக இருந்தால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பத் தோன்றும், கண் திரையை விட்டுப் போய்விடும்.

சத்தத்தை அணைத்துவிடுங்கள். ப்ரீசீசன் வர்ணனையாளர்கள் பாதி நேரம் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

படி 1: ஸ்கோரை மறந்துவிடுங்கள்

டெட்ராய்ட் லயன்ஸ் 2008 ப்ரீசீசனில் 4-0 (நான்கு வெற்றி, தோல்வியே இல்லை), சீசனில் 0-16. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2017இல் அதே 4-0, அதே 0-16. இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: எதிரில் யார், பக்கத்தில் யார்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள். சீசனுக்கு 53 பேர்தான். அதாவது நீங்கள் பார்க்கும் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் செப்டம்பரில் அந்த அணிப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். முதல் கால்பகுதியின் நடுவிலேயே ஆள் மாற ஆரம்பித்துவிடும். ஒரேயடியாக மாறினால் கண்டுபிடிப்பது சுலபம். அப்படி மாறாது. இந்தப் பக்கம் ஒரு கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காப்பவர்), அந்தப் பக்கம் இரண்டு லைன்மேன் (முன்வரிசை ஆட்கள்) என்று உதிரி உதிரியாகக் கரையும்.

ஒரு தடவை என் நோட்டில் ஒரு குவாட்டர்பேக்குக்கு "நெருக்கடியில் அருமையான பாஸ்" என்று பெரிதாக எழுதி இரண்டு அடிக்கோடும் போட்டிருந்தேன். எதிரில் நின்றவர் அந்த அணியின் நட்சத்திரப் பாதுகாப்பு வீரர் என்று நினைப்பு. சட்டை எண்ணைப் பார்த்து எழுதியது. மறுநாள் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் அதே எண்ணில் இரண்டு பேர்! 90 பேருக்கு எண் போதாது என்பதால் ப்ரீசீசனில் ஒரே எண்ணை ஒரே அணியில் இருவர் போடலாம். நான் பார்த்தது நான்காம் வரிசைப் பையனை. இரண்டு அடிக்கோடும் வீண்.

அதனால் இப்போது செய்வது இது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளின் தளங்களிலும் டெப்த் சார்ட் (யார் முதல் வரிசை, யார் மாற்று என்ற பட்டியல்) எடுத்துக்கொள்வேன். பல அணிகள் அதன் மேலேயே "அதிகாரபூர்வமற்றது" என்று போட்டிருப்பார்கள். பரவாயில்லை, அது போதும். குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன் வீரர்கள், எதிரணியில் பாஸ் ரஷ் செய்யும் (அவரை நோக்கிப் பாயும்) நால்வர், இரண்டு கார்னர்பேக், ஆக 11 பெயர்களை எண்ணோடு நோட்டின் தலையில் எழுதிவிடுவேன். ஒருவர் வெளியே போனதும் பெயரை அடிப்பேன். லைனில் மூன்று பெயர் அடிபட்டால் பக்கத்துக்குக் குறுக்கே தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே நடந்தது வேறு ஆட்டம். மேலே நடந்ததோடு அதைக் கூட்டமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ப்ரீசீசனில் தற்காப்பு அணிகள் தங்கள் சரக்கைக் காட்டமாட்டார்கள். பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களோடு பாய்வது) குறைவு, வேஷம் போட்டு ஏமாற்றும் கவரேஜ் குறைவு. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் நெட் பவுலர் போடும் பந்து. அதை அடித்தவரைக் கொண்டாட அவசரம் வேண்டாம். ஆனால் அந்த எளிய கவரேஜிலேயே ஒருவர் காலியாக நிற்கும் ரிசீவரைப் பார்க்காமல் விடுகிறார் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கெட்ட அறிகுறி.

படி 3: சாக் யார் கணக்கில்?

ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதும்) ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். பந்து கையை விட்டதும் நிறுத்துங்கள். சாக் ஆனால் (பந்தை வீசுமுன் எதிராளி அவரைப் பிடித்து வீழ்த்தினால்), முதல் கை அவர் மேல் பட்டதும் நிறுத்துங்கள். என் அளவுகோல்: 2.5 நொடிக்குள் வந்து விழுந்தால் லைன்மீது தப்பு. 3 நொடி தாண்டிவிட்டால் பெரும்பாலும் குவாட்டர்பேக்மீது தப்பு. பந்தை வெளியே எறிந்திருக்கலாம். நடுவில் வருவதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இந்தப் படிக்கு நல்ல பாடம் கரோலினா பேந்தர்ஸின் பிரைஸ் யங். 2023 டிராஃப்டின் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆள். ஜெட்ஸுக்கு எதிரான முதல் ப்ரீசீசன் ஆட்டத்தில் 6 பாஸில் 4, வெறும் 21 யார்டு. அணி 27-0 என்று தோற்றது. பையன் தேறமாட்டான் என்று ஒரு கூட்டம், ப்ரீசீசன்தானே என்று இன்னொரு கூட்டம். இரண்டு தரப்பும் குவாட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்திருக்கவேண்டியது அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேரை. அந்த சீசனில் யங் 62 முறை சாக் ஆனார், பேந்தர்ஸ் 2-15. ப்ரீசீசன் பொய் சொல்லவில்லை, நாம்தான் கேள்வியை வேறொருவரிடம் கேட்டோம்.

படி 4: இன்டர்செப்ஷனைக் கொட்டி ஆராயுங்கள்

எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல் போடுங்கள். நான் போடுவது: "கை" (ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தது), "வழி" (ரிசீவர் வேறு பக்கம் ஓடினார், புது ஆட்களோடு ஆடும்போது இது நிறைய நடக்கும்), "தாமதம்" (சரியான ஆளைப் பார்த்தார், ஆனால் லேட்), "கண்" (தற்காப்பு வீரரைப் பார்க்கவே இல்லை). முதல் இரண்டையும் மன்னித்துவிடுவேன். தாமதம் புதியவர்களுக்குச் சகஜம், சரியாகும். பெய்டன் மேனிங்கே 1998இல் முதல் வருடம் 28 இன்டர்செப்ஷன் வீசியவர். மூன்றாம் நான்காம் வருடம் ஆடுகிறவரிடம் "கண்" திரும்பத் திரும்ப வந்தால்தான் எனக்குக் கவலை.

எதிராளி பிடிக்கத் தவறிய பாஸ்களையும் இதே கணக்கில் எழுதுங்கள். அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் கிடையாது.

படி 5: ஸ்னாப்புக்கு முன்னால் பாருங்கள்

குவாட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்கும். பிளே கிளாக்கில் (ஸ்னாப்புக்கு முன் ஓடும் கடிகாரம்) 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது துண்டிக்கப்படும்; அதன்பின் அவர் பாடு. ஹட்டிலை (வீரர்கள் கூடிப் பேசும் வட்டம்) விட்டு எப்போது கிளம்புகிறார், கோட்டுக்கு வந்து நின்றதும் கையை நீட்டி லைனுக்கு ஏதாவது சொல்கிறாரா, கிளாக் தீர்ந்துபோய் பெனால்ட்டி வாங்குகிறாரா, டைம்அவுட்டை வீணடிக்கிறாரா? எதிரில் யார் நின்றாலும் இதெல்லாம் அவர் கையில் இருப்பவை. அதனால் ப்ரீசீசனில் நான் அதிகம் நம்புவது இந்தப் படியைத்தான். பாதி முடியும் தறுவாயில் இரண்டு நிமிட டிரைவ் வந்தால் விடாதீர்கள். ஆகஸ்டில் நிஜ ஆட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது அதுதான்.

படி 6: எண்களைக் கடைசியில் எடுங்கள்

பாசர் ரேட்டிங்கைத் தூக்கிப் போடுங்கள். எல்லாப் பந்தையும் தரையில் எறிந்தால்கூட அந்தச் சூத்திரம் 39.6 கொடுக்கும். 6 பாஸில் 21 யார்டு எடுத்த யங்குக்கு 72.2 கொடுத்தது. எனக்குப் பிடித்தது நிகர யார்டு: பாஸ் யார்டோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 கூட்டி, ஒவ்வோர் இன்டர்செப்ஷனுக்கும் 45 கழித்து, சாக்கில் இழந்த யார்டையும் கழித்து, பாஸும் சாக்கும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். கையாலேயே போடலாம்.

அதையும் ரொம்ப நம்பவேண்டாம். 6 பாஸில் ஒன்றை ரிசீவர் நழுவவிட்டால் சதவீதம் 17 புள்ளி விழும். 35 பாஸில் அதே தவறுக்கு 3 புள்ளிகூட விழாது.

ஒரு பழைய ஆட்டத்தை வைத்துப் பழகுங்கள்

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் 2017 ஆகஸ்ட். 2014இல் மூன்றாவதாக டிராஃப்ட் செய்யப்பட்ட பிளேக் போர்ட்டில்ஸ் அப்போது நான்காம் வருடம். இரண்டாவது ப்ரீசீசன் ஆட்டம் அவ்வளவு மோசம். பயிற்சியாளர் டக் மரோன் மூன்றாவது ஆட்டத்தைச் சாட் ஹென்னியை வைத்துத் தொடங்கினார். பிறகு திரும்பவும் போர்ட்டில்ஸையே அறிவித்தார். நாடே சிரித்தது. அந்த அணி சீசனில் 10-6. ஜனவரியில் எங்கள் ஊருக்கே வந்து ஸ்டீலர்ஸை 45-42 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்திடம் 24-20 என்று தோற்று, சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் நின்றது.

அப்படியென்றால் ஆகஸ்டில் சிரித்தவர்கள் தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. போர்ட்டில்ஸைப் பற்றிய கணிப்பு கிட்டத்தட்ட சரி. அவர் திடீரென்று வேறொருவராக மாறிவிடவில்லை. தவறியது அணியைப் பற்றிய கணிப்பு. அந்த வருடம் அவர்களைத் தூக்கிச் சுமந்தது தற்காப்பும் ஓட்டமும். இரண்டு கேள்விக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் வையுங்கள்.

பின்சேர்க்கை 1: ஸ்டாப்வாட்ச் நேரம் எனக்கும் அவருக்கும் அரை நொடி இடிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், ஷாட்கன்னில் (குவாட்டர்பேக் சில அடி பின்னால் நின்று ஆடும் முறை) பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்தபிறகு தட்டியிருக்கிறார். சென்டர் பந்தை அசைத்த உடனே தட்டவேண்டும். ஸ்க்ரீன் பாஸையும் பிளே ஆக்‌ஷனையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்று இயல்பிலேயே வேகம், மற்றது இயல்பிலேயே தாமதம். இதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

பின்சேர்க்கை 2: சுருக்கிய பதிப்பைப் பார்த்தால் படி 5 செய்யவே முடியவில்லை என்று இரண்டு பேர். உண்மைதான், அதில் ஹட்டிலையும் காத்திருப்பையும் வெட்டிவிடுவார்கள். படி 2 முதல் 4 வரை அதில் பார்த்துவிட்டு, முதல் கால்பகுதியை மட்டும் முழுப் பதிவில் ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: "எங்கள் அணியின் ஆள் ப்ரீசீசனில் களமிறங்கவே இல்லை, எதை வைத்து எடைபோட?" இப்போது இது அதிகமாகிவிட்டது. 2021இல் சீசன் 17 ஆட்டமாகி ப்ரீசீசன் மூன்றாகச் சுருங்கியது. நிலைத்த ஆட்களைப் பல பயிற்சியாளர்கள் வெளியில் உட்காரவைத்து, எதிரணியோடு கூட்டுப் பயிற்சியில்தான் சோதிக்கிறார்கள். அதன் துண்டு வீடியோக்களை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். நல்லதை மட்டும்தான் வெட்டிப் போடுவார்கள். நோட்டை மூடிவைத்துவிட்டு செப்டம்பர் வரை பொறுத்திருங்கள், ஃபேன்டசி லீக்கில் வேறு ஆளை எடுங்கள்.