பெண்டுக்குப் பின்னால் என்ன மண் என்று பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் அழுத்தக் குழாய் பதிக்கிறவர்கள் பொள்ளாச்சிச் செம்மண்ணுக்குப் போட்ட திரஸ்ட் பிளாக் (குழாய் திரும்பும் பெண்டு நகராமல் முட்டுக்கொடுக்கும் கான்கிரீட் கட்டை) டிராயிங்கை அப்படியே எடுத்து வந்துவிடுகிறார்கள். கேரளத்தில் கரிசல் மண் உள்ள வட்டாரம் இது. டிராயிங்குக்கு அது தெரியாது.

பெண்டில் நீரழுத்தம் வெளிப்பக்கம் தள்ளும் விசையை பிளாக் தானே விழுங்குவதில்லை, பின்னாலுள்ள மண்ணுக்குக் கடத்திவிடுகிறது. 300 மி.மீ. டி.ஐ. (டக்டைல் அயர்ன் எனும் வார்ப்பிரும்பு) குழாயில் 90 டிகிரி பெண்டு, 10 பார் அழுத்தம் என்றால் தள்ளுவிசை சுமார் 118 கிலோநியூட்டன், அதாவது 12 டன். மண் சதுர மீட்டருக்கு 100 கிலோநியூட்டன் தாங்கினால் பிளாக்கின் முதுகு 1.2 சதுர மீட்டர் வேண்டும். ஈரம் ஏறிய கரிசல் 50தான் தாங்கும் என்று சோதனையில் வந்தால் அது இரட்டிப்பாகும். பாதுகாப்புக் காரணி இதற்கு மேல். கோடையில் கரிசல் சுருங்கி வெடிக்கும்போது பிளாக்குக்குப் பின்னால் இடைவெளியும் விழும். ரப்பர் வளைய ஜாயிண்ட் கழன்றுகொள்ள அந்த அசைவே போதும். இந்த மாதிரி இடத்தில் பிளாக்கை மட்டும் நம்பாமல், பெண்டின் இருபுறமும் தேவையான நீளத்துக்குக் கழலாத பூட்டு ஜாயிண்ட் போடுவதுதான் என் தேர்வு.

கணக்கு எளிது: 2 × அழுத்தம் × பரப்பு × பாதிக் கோணத்தின் சைன். பரப்புக்கு விட்டமாக 300ஐப் போடுகிறார்கள். டி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 326. விசையில் 18 சதவீதம் கூடும். அழுத்தமும் தினசரி ஓடுவதல்ல, டெஸ்ட் அழுத்தம். மோட்டார் நிற்கும்போது வரும் அதிர்வழுத்தம் அதைவிட அதிகமென்றால் அது. நீரின் வேகத்தால் வரும் விசைக்கு ஒரு பக்கம் கணக்குப் போடுவோரும் உண்டு. வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அது கால் கிலோநியூட்டன்கூட வராது.

ஜேசிபி அகலமாக வெட்டிவிட்டால், பின்பக்கம் மண்ணைத் தள்ளி மூடாதீர்கள். கலையாத மண் வரைக்கும் கான்கிரீட்டே போகட்டும். ஜாயிண்டும் போல்ட்டும் மட்டும் வெளியே தெரிய வேண்டும், நாளைக்கு ஸ்பானர் போட வேண்டுமே.

மேடேறி இறங்கும் பெண்டு மேல்நோக்கித் தள்ளும். அங்கே முதுகுப் பரப்பு உதவாது, எடைதான் பிடிக்கும்; குழாயைப் பட்டை போட்டு பிளாக்கோடு கட்ட வேண்டும். 22.5 டிகிரிக்கு 33 கிலோநியூட்டன் வரும், உலர்ந்த இடத்தில் 1.4 கன மீட்டர் கான்கிரீட். நிலத்தடி நீர் ஏறி பிளாக் முழுகினால் 2.3 ஆகும்.

பிளாக்குக்குப் பின்னால் பிறகு கேபிள்காரர் பள்ளம் தோண்டினால் லைனின் அழுத்தத்தை இறக்காமல் விடாதீர்கள்.