பெய்ட்காஸ்டிங் ரீலில் தூண்டில் வீசப் பழகுதல்: வாவிக்கரையில் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையில், தூண்டில் கம்பில் பூட்டி நூலைச் சுற்றும் பெய்ட்காஸ்டிங் ரீலைப் புதிதாகக் கையில் எடுக்கும் இளைஞர்களில் பலர் முதல் மாலையிலேயே அதை வெறுத்துவிடுகிறார்கள். வீசிய இரை நாலு முழம் தள்ளி விழுகிறது. ரீலுக்குள் நூல் பந்தாகச் சிக்கிக்கொள்கிறது. அதை அவிழ்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது; மறுநாள் பழைய ஸ்பின்னிங் ரீலுக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. சிக்கு விழுவதன் காரணம் தெரிந்து, பெருவிரலைப் பழக்கிக்கொண்டால் இந்த ரீல் கைக்குள் வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் பழக வேண்டும்? நமது கொடுவாவும் செப்பலியும் கிடக்கும் இடங்களைப் பாருங்கள். கண்டல் வேர்களின் ஓரம், பாலத் தூண்களின் நிழல், நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தின் அடி. இரை அங்கிருந்து ஒரு மீற்றர் தள்ளி விழுந்தால் மீன் அசையாமல் கிடக்கும். ஒரு மீற்றர் கூடினால் தூண்டில் வேரில் மாட்டும். பறந்துகொண்டிருக்கும் இரையைப் பெருவிரலாலேயே நினைத்த இடத்தில் இறக்க இந்த ரீல் இடம் தருகிறது. கொடுவா கடித்ததும் வேருக்குள் ஓடும். அந்த வேளையில் தடித்த நூலோடு அதை வெளியே இழுத்தெடுக்கும் வலுவும் இதற்கு இருக்கிறது. ஆனால் 7 கிராமுக்குக் குறைந்த இரைகளுக்கும், கடற்கரையில் நின்று வெகுதூரம் வீசுவதற்கும் ஸ்பின்னிங் ரீலே நல்லது. இரண்டையும் வைத்திருப்பவரே கெட்டிக்காரர்.

சிக்கு விழும் காரணம்

ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நூல் சுற்றியிருக்கும் உருளை அசைவதில்லை. நூல் அதன் விளிம்பால் வழுக்கிக்கொண்டு போகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழல்கிறது. வீசிய கணத்தில் இரை பாய்ந்து நூலை இழுக்க, உருளை மிக வேகமாகச் சுழலத் தொடங்கும். இரையோ காற்றின் தடையால் போகப் போக வேகம் குறையும். உருளைக்கு அந்தத் தடை இல்லை; பிடித்த வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இரைக்குத் தேவையானதை விட அதிக நூலை அது வெளியே தள்ளும்போது அந்த மிச்ச நூல் தளர்ந்து, புரண்டு, சிக்காகிறது. இரை நீரில் விழுந்து நின்ற பின்னும் உருளை சுழன்றால் நிலைமை இன்னும் மோசமாகும். இனி நாம் செய்யப்போகும் ஒவ்வொன்றும், இரை வேகம் குறையும்போது உருளையும் வேகம் குறையச் செய்வதற்காகத்தான்.

கையில் என்ன வேண்டும்

ஆறரை அடி முதல் ஏழு அடி வரை நீளமுள்ள, நடுத்தர வலுவுள்ள தூண்டில் கம்பு. கைபிடிக்கு மேலே கம்பிலேயே அது தாங்கும் இரையின் எடை அச்சிடப்பட்டிருக்கும். 7 முதல் 21 கிராம் வரை என்றிருந்தால் தொடங்குவோருக்குப் பொருத்தம். வலது கையால் வீசுபவர் இடப்பக்கம் கைபிடியுள்ள ரீலை வாங்கினால், வீசிய பின் கம்பைக் கை மாற்ற வேண்டியிருக்காது.

நூல் விடயத்தில் ஆசைப்படாதீர்கள். கடைக்காரர் விலை கூடிய பின்னல் நூலைக் காட்டுவார். அது நல்ல நூல்தான், ஆனால் பழகும் காலத்துக்கு உரியதல்ல. மெல்லியதாக இருப்பதால் சிக்கும்போது ஆழமாகப் புதைந்துவிடும். 12 முதல் 14 இறாத்தல் வரை தாங்கும் சாதாரண நைலோன் தங்கூசியே போதும்; சிக்கை அவிழ்ப்பது எளிது, அறுத்தெறிய நேர்ந்தாலும் மனம் நோகாது. உருளையை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடம் விட்டுச் சுற்றுங்கள். சுற்றும்போது நூலை ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக ஏற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல் முதல் வீச்சிலேயே பழிவாங்கும்.

பழகுவதற்கு இரை வேண்டாம். கொக்கியில்லாத 15 கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுங்கள். எடை குறைந்தால் எளிது என்று நினைத்து 5 கிராம் குண்டைக் கட்டுபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். உருளையைச் சீராக இழுத்துச் சுழற்ற எடை வேண்டும்.

திருகுகளைச் சரிசெய்தல்

ரீலில் மூன்று திருகுகள் இருக்கும். நட்சத்திர வடிவில் கைபிடிக்கு அடியில் இருப்பது, மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்பதற்கானது. வீச்சோடு அதற்குத் தொடர்பில்லை. அதை இறுக்கமாகவே விட்டுவிடுங்கள். கைபிடிப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய வட்டத் திருகு உருளையை நேரடியாக அழுத்துவது. மறுபக்கத்தில் இருப்பது வீச்சுத் தடுப்பு. காந்தத் தடுப்பு என்றால் எண்கள் பொறித்த வட்டு இருக்கும்; மையவிலக்குத் தடுப்பு என்றால் பக்கத் தட்டைக் கழற்றினால் உள்ளே சிறு ஊசிகள் தெரியும்.

முதலில் வட்டத் திருகு. கம்பை நெஞ்சு உயரத்தில் முன்னால் நீட்டி, பெருவிரலை உருளையில் வைத்தபடி, உருளையைச் சுழல விடும் விடுவிப்புக் கட்டையை அழுத்துங்கள். பிறகு மெதுவாக விரலை எடுங்கள். குண்டு தானாக, அவசரமில்லாமல் இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் சுழன்றால் திருகைச் சற்று இறுக்குங்கள். குண்டு இறங்கவே தயங்கினால் தளர்த்துங்கள். இரையின் எடை மாறும் ஒவ்வொரு முறையும் இதை மீண்டும் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. இதைத் தவிர்ப்பவருக்கே சிக்கு அதிகம்.

அடுத்து வீச்சுத் தடுப்பு. பத்து வரை எண் இருந்தால் எட்டில் வையுங்கள். ஊசிகளாக இருந்தால் எல்லாவற்றையும் இயங்கும் நிலைக்குத் தள்ளிவிடுங்கள். தூரம் குறையும், குறையட்டும்.

மைதானத்தில் வீச்சு

முதல் வாரம் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். ஊர் விளையாட்டு மைதானம், அறுவடை முடிந்த வயல், புல்தரை எதுவும் சரி. கல்லடிக் கடற்கரை மட்டும் வேண்டாம், மணல் இந்த ரீலுக்கு ஆகாது. இவ்வகை ரீலின் முன்னோடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கடிகாரத் தொழிலாளர்கள் உருவாக்கினார்கள். கைபிடி ஒரு சுற்று வர உருளை பல சுற்றுச் சுழலும் நுண்ணிய பற்சக்கரங்கள் அதில் இருந்தன. இன்றைய ரீலிலும் அவை உண்டு. கடற்கரை மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அந்தச் சக்கரங்கள் அரைபடத் தொடங்கும்.

பதினைந்து மீற்றர் தூரத்தில் ஒரு பழைய சுளகையோ டயரையோ வையுங்கள். அதற்கப்பால் வீச முயல வேண்டாம்.

கம்பின் நுனியிலிருந்து குண்டு ஒரு சாண் தொங்கட்டும். பெருவிரலை உருளையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு விடுவிப்புக் கட்டையைத் தட்டுங்கள். இப்போது நூலைப் பிடித்திருப்பது உங்கள் விரல் மட்டுமே. புறங்கை வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள். இப்படித் திருப்பினால்தான் மணிக்கட்டு தடையின்றி மடங்கும். கம்பைத் தோளுக்கு மேலே பின்னால் கொண்டுபோங்கள். குண்டின் எடையால் நுனி பின்னுக்கு வளைவதைக் கை உணரும். அந்த வளைவோடு, சீரான ஒரே அசைவில் முன்னே கொண்டுவாருங்கள். வெட்டி இழுக்காதீர்கள். திடீரென வெட்டினால் உருளை இரையை முந்திக்கொண்டு சுழலும். சிக்கு அங்கேயே தொடங்கிவிடும். தோள்பலம் இங்கே உதவாது. கம்பு வளைந்து நிமிர்வதே குண்டை எறிகிறது.

கம்பு உங்களுக்கு முன்னால், தலைக்கு மேலிருந்து பாதி இறங்கிய நிலைக்கு வரும்போது பெருவிரலைத் தளர்த்துங்கள். குண்டு வானத்தை நோக்கிப் போனால் விரல் முந்திவிட்டது. காலடியில் குத்தினால் பிந்திவிட்டது. இந்தக் கணம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, வீசி வீசித்தான் வரும்.

விரலைத் தளர்த்துவது என்றால் முற்றிலும் எடுத்துவிடுவது அல்ல. நூல் விரல்நுனியை வருடிக்கொண்டு ஓட வேண்டும். நூல் மேலெழும்பித் தளர்வதை விரல் முதலில் உணரும். உணர்ந்ததும் இலேசாக அழுத்துங்கள். குண்டு தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே உருளையை முழுவதும் நிறுத்திவிடுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தூரத்தைக் காட்டிப் பெருமைப்படும் பலர் இந்த நிறுத்தத்தைப் பழகாமலே இருக்கிறார்கள். அவர்கள் எதிர்காற்றில் ஒருமுறை வீசும்போது அது தெரிந்துவிடும்.

சுளகுக்குள் அடிக்கடி விழத் தொடங்கி, சிக்கும் வராதபோது தடுப்பை எட்டிலிருந்து ஏழுக்கு இறக்குங்கள். சில நாள் கழித்து ஆறு. வட்டத் திருகையும் தடுப்பையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் எதனால் சிக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

சிக்கு விழுந்துவிட்டால்

நூலை வெறுங்கையால் பிடுங்காதீர்கள், முடிச்சு இறுகிவிடும். பெருவிரலால் உருளையை அழுத்திப் பிடித்தபடி கைபிடியை இரண்டு மூன்று சுற்று முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு கட்டையை அழுத்தி நூலை மெதுவாக வெளியே இழுங்கள். புரண்டு கிடந்த மடிப்புகள் தட்டையாகி, பெரும்பாலும் நூல் வழிவிடும். விடாவிட்டால் மறுபடியும் அதையே செய்யுங்கள். பழகும் நாட்களில் இன்னொரு உபாயமும் உண்டு: உங்கள் வீச்சுத் தூரத்தை விடப் பத்து மீற்றர் கூடுதலாக நூலை இழுத்துவிட்டு, உருளையில் மிஞ்சியிருக்கும் நூலின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, இழுத்த நூலை அதன்மேல் சுற்றிவிடுங்கள். சிக்கு அந்த டேப்பைத் தாண்டி ஆழமாக இறங்காது.

வாவிக்கு வரும்போது

எதிர்காற்று இந்த ரீலின் பெரிய எதிரி, ஏனெனில் அது இரையின் வேகத்தை வெகு சீக்கிரம் குறைத்துவிடுகிறது. நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் மேற்குக் கரையில் நின்று கிழக்கு நோக்கி வீசுங்கள். காற்று முதுகில் இருக்கும். மதியத்துக்குப் பின் கடற்காற்று எழுந்துவிட்டால் கல்லடிப் பக்கக் கரைக்கு வந்து மேற்கு நோக்கி வீசுங்கள். வேறு வழியின்றி எதிர்காற்றில் வீச நேர்ந்தால் தடுப்பை இரண்டு எண் ஏற்றி, இரை தாழ்வாகப் பறக்கும்படி வீசுங்கள்.

1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் நின்று பழக வேண்டாம். பின்னால் நடந்து போகிறவரின் முகத்தில் கொக்கி பட்டால் விளைவு கொடியது. வீசுமுன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள். வலை மிதவைகள் தெரியும் இடத்தில் வீசவே கூடாது; அந்த வலை ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. வாவியில் முதலைகள் உண்டு, ஆகவே இடுப்பளவு நீரில் இறங்கி நின்று வீசும் ஆசையையும் விட்டுவிடுங்கள், குறிப்பாக இருட்டும் வேளையில். முதல் மீனுக்கு உன்னிச்சை போன்ற குளங்களின் வாய்க்கால் ஓரங்களும் நல்ல இடம். 10 முதல் 15 கிராம் வரையுள்ள மிதக்கும் தவளை இரையை எளிதாக வீசலாம். விராலும் அதற்கு மயங்கும்.

வாவி நீரில் உப்பு உண்டு. வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரத் திருகை இறுக்கி, ரீலின்மேல் நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீச்சியடித்தால் உப்பு உள்ளே தள்ளப்படும். துடைத்து நிழலில் காயவைத்த பின் திருகைத் தளர்த்திவிட்டு, உருளையின் இரு முனைத் தாங்கிகளிலும் ஒவ்வொரு துளி ரீல் எண்ணெய் விடுங்கள். அங்கே கிரீஸ் பூச வேண்டாம். உருளை மந்தமாகி, அடுத்த நாள் திருகுகளையெல்லாம் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டிவரும்.