மண்ணில்லா வளர்ப்பு: போர் தண்ணீரில் பிஎச், ஈசி இரண்டையும் சரியாக வைப்பது எப்படி?

மாடியில் 20 லிட்டர் பக்கெட்டில் லெட்டூஸ் வளர்க்க இறங்குபவர்கள் முதலில் தேடுவது உரத்தை. அதற்கு முன் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

1. வெறும் தண்ணீரின் ஈசி

ஈசி என்பது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு. லெட்டூஸுக்கு மொத்த ஈசி 0.8 முதல் 1.2 mS/cm வரை போதும். போர் தண்ணீரே 1.0 காட்டினால் உரம் போட இடமேது? அந்த 1.0-ல் சோடியம், குளோரைடு, பைகார்பனேட் போன்றவை நிறைய இருக்கும். செடி கேட்கும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதில் போதாது. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கலந்து 0.3 அளவுக்கு இறக்குங்கள்.

2. உரம்

உரம் ஏ, பி என இரண்டு அடர் கரைசல்களாக இருக்கும்: ஏ கரைசலில் கால்சியம் நைட்ரேட், பி-யில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். அந்தச் சத்து வேருக்குக் கிடைக்காது. பக்கெட் தண்ணீரில் ஏ ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே பி. நாற்றுக்குப் பாதி அளவு.

3. பிஎச், கடைசியில்

உரமே பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும், 5.8 நல்ல இலக்கு. 7-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து கரைசலில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது உரத்தைக் கூட்டுவதில் பயனில்லை, பிஎச்சைப் பாருங்கள்.

பிஎச்சை இறக்க பாஸ்பாரிக் அமிலம் வாங்குங்கள். கையுறை, கண்ணாடி அவசியம். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அதிலுள்ள சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் தின்றுவிடும்; பிஎச் பழைய இடத்துக்கே வரும்.

நேற்று 5.8-ல் விட்ட கரைசல் இன்று 7 காட்டினால் மீட்டரைச் சந்தேகிக்கும் முன் பைகார்பனேட்டை நினையுங்கள். அது அமிலத்தைத் தின்று, கரியமில வாயுவாக மெல்ல வெளியேற, பிஎச் ஏறும். ஒரேயடியாக அமிலம் கொட்டாமல், தினமும் சில துளிகள் விட்டு அளந்தால் இரண்டு மூன்று நாளில் ஏற்றம் குறையும்.

4. தினசரி கவனிப்பு

நீர்மட்டம் குறைந்து ஈசி ஏறினால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈசி இறங்கினால் உரம். ஈசி மீட்டர் காட்டுவது மொத்த உப்பைத்தான், எந்தச் சத்து தீர்ந்தது என்பதை அல்ல. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசல் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பழையதை மற்ற தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம்.

பிஎச் பேனாவை (பேனா வடிவ பிஎச் மீட்டர்) பிஎச் 4, 7 பஃபர் கரைசல்களில் (பிஎச் அளவு தெரிந்த சோதனைக் கரைசல்கள்) அடிக்கடி சரிபாருங்கள். அதன் முனை காயக்கூடாது.

வெயில் காலத்தில் பக்கெட்டை நிழலில் வையுங்கள். கரைசல் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். வேர் பழுப்பாகி வழுவழுத்தால் பிஎச், ஈசி எவ்வளவு சரியாக இருந்தாலும் செடி வாடும்.