குறியீட்டுக் கவிதை, அரூப ஓவியம்: கற்பனை பற்றிய சில தவறான புரிதல்கள்

பொருளை நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் குறியீட்டுக் கவிதையைப் படிக்கும்போது கையில் ஒரு அட்டவணையோடு உட்காருவதுதான் முதல் தவறு. சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் சாவு என்று பொருத்திக்கொண்டே போவார்கள். பிரெஞ்சுக் கவிஞர் ரெம்போ 1871இல் எழுதிய ‘உயிரெழுத்துகள்’ கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘I’ என்ற பிரெஞ்சு எழுத்துக்குச் சிவப்பு நிறம். துப்பிய ரத்தமும் அந்தச் சிவப்புக்குள் இருக்கிறது, அழகிய உதடுகளின் சிரிப்பும் இருக்கிறது. எந்த அட்டவணையில் இதை அடைப்பது? இரண்டும் ஒன்றையொன்று உரசும் இடத்தில்தான் கற்பனை வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புரியவில்லையா, அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம் என்பது. ஒரு பொருளைப் பெயர் சொல்லிவிட்டால் கவிதை தரும் இன்பத்தில் முக்கால் பங்கு போய்விடும் என்று பிரெஞ்சுக் குறியீட்டுக் கவிஞர் மல்லார்மே 1891இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதைச் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்பவர்கள், ‘இக்ஸ்’ என்று முடியும் அரிய இயைபுகளைக் கொண்டு அவர் கட்டிய சானெட்டை (பதினான்கு வரிக் கவிதை) பார்க்க வேண்டும். 1868இல் எழுதியதைத் திருத்தி 1887இல்தான் வெளியிட்டார்.

அடையாளம் காணும்படியான உருவங்கள் இல்லாத அரூப ஓவியத்தில் இதே தவறு இன்னும் மோசம். “இதை என் பிள்ளையே கிறுக்குவான்” என்பார்கள் (பிள்ளைகள் நன்றாகவே கிறுக்குவார்கள், அது வேறு விஷயம்). ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கியின் ‘கம்போசிஷன் 7’ என்ற அரூப ஓவியம் மூன்று மீட்டர் அகலம். 1913 நவம்பரில் நான்கே நாளில் வரைந்து முடித்தார். அந்த நான்கு நாளை மட்டும் சொல்பவர்கள், அதற்கு முன் அவர் போட்ட முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளைச் சொல்வதில்லை. திடீரென வெளிப்படுவதை ‘இம்ப்ரோவிசேஷன்’ என்றும், மெதுவாக உருவாகிப் பலமுறை சோதிக்கப்பட்டதைக் ‘கம்போசிஷன்’ என்றும் அவரே பிரித்துவைத்திருந்தார்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடுவது முழுத் தவறல்ல. அந்த ஓவியத்தில் பிரளயம், உயிர்த்தெழுதல் போன்ற கருக்களின் சாயல் உண்டு. ஆனால் பிரளயத்தின் படகைக் கண்டுபிடித்ததும் படம் முடிந்தது என்று நகர்ந்துவிட்டால், நிறங்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் இழுப்பதும் கண்ணில் படாமலே போகும்.

கவிதையிலிருந்து ஓவியத்துக்கு நேர்க்கோடு போடுவதும் வேண்டாம். உறவு உண்டு: கான்டின்ஸ்கி 1911இல் வெளியிட்ட நூலில் குறியீட்டு எழுத்தாளர் மேட்டர்லிங்கைப் பற்றிப் பேசுகிறார், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சுட்டும் பொருள் உதிர்ந்து ஒலி மட்டும் நிற்கும் என்கிறார். அதே நூலில் இசைக்கும் பெரிய இடம் இருக்கிறது. 1896 வாக்கில் மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல்போர் ஓவியத்தைப் பார்த்து, அது என்னவென்றே அடையாளம் தெரியாமல் கான்டின்ஸ்கி திகைத்ததும் இந்தக் கதையில் சேரும்.