குளிர்க்கடலுக்கு வெட்சூட்: மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் தண்ணீர் வருடம் முழுக்க ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ 28 டிகிரி தண்ணீரில் ஸ்கூபா (முதுகில் காற்று டேங்க்கோடு முக்குளிப்பது) கற்றுக்கொண்டு, பிறகு வேலைக்காக சான் ஹோசே பக்கம் வருகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள குளிர்க்கடல் இதுதான். அந்த வெதுவெதுப்பான கடல்களில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டே, அதாவது முக்குளிப்பவர்கள் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையே, தாராளம். இங்கே 7 வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். உடனே 7 என்று போட்டிருப்பதில் விலை குறைவானதாகப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு டைவில் நடுங்கிப்போய், இந்தக் கடல் நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். கெல்ப் எனும் ராட்சதக் கடற்பாசிக் காட்டின் நடுவே வெயில் இறங்குவதைப் பார்க்காமலேயே அவர்கள் திரும்பிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தைக் கடத்திவிடும். அதைத் தடுப்பது சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் எண்ணற்ற வாயுக் குமிழிகள். சூட்டுக்குள் புகும் தண்ணீர் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. புகுந்த தண்ணீர் நகராமல் நின்றால் கெடுதல் குறைவு, அவ்வளவுதான். அது வெளியேறி, அதன் இடத்தில் புதுக் குளிர்நீர் வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதைச் சூடாக்கும் வேலை உங்கள் உடம்புக்கு. அதனால்தான் உடம்போடு ஒட்டிய 5 மில்லிமீட்டர் சூட், தொளதொளப்பான 7 மில்லிமீட்டரைவிடக் கதகதப்பாக இருக்க முடியும்.

ஆக, அளவுதான் முதல் கேள்வி. கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் பள்ளம், அக்குள், தொடைகள் சேரும் இடம் ஆகிய மூன்றிலும் கையால் சூட்டைக் கிள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே காற்றுப் பை போல இடைவெளி இருந்தால், கடலில் நீங்கள் காலை உதைக்கும்போதெல்லாம் அந்த இடைவெளி பம்ப் அடிக்கும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள், ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் டேங்க் வால்வைத் தொடுவது போலச் செய்து பாருங்கள். தோள் இழுத்துப் பிடித்தால் தண்ணீரில் கையை அசைக்கவே அலுப்பாகிவிடும். உலர்ந்திருக்கும்போது புது சூட் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது இயல்பு. ஆனால் மூச்சை நெஞ்சு நிறைய இழுக்க முடியவில்லை என்றாலோ, கழுத்து அழுந்தித் தலை சுற்றினாலோ அந்த சூட் வேண்டாம். கழுத்தின் ரத்தக்குழாய்களை அழுத்தும் சூட் கடலுக்குள் ஆபத்தானது. தயாராகக் கிடைக்கும் அளவு எதுவும் பொருந்தாத உடல்வாகு என்றால், அளவெடுத்துத் தைத்துக்கொள்ளக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. மற்ற எந்த வசதிக்குக் கொடுக்கும் பணத்தைவிடவும் அது நல்ல செலவு.

அடுத்த சிக்கல் மென்மை. கடையில் தொட்டுப் பார்க்கும்போது மிருதுவாக, ரப்பர் பேண்டாக நீளும் சூட்தான் எல்லாருக்கும் பிடிக்கும். அலைச்சறுக்கு சூட்கள் அப்படித்தான் இருக்கும், விலையும் சில சமயம் குறைவு. அவை நீர்மட்டத்தில் துடுப்பு போடுவதற்குச் செய்யப்பட்டவை. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கும். ரப்பர் நசுங்காது என்பதால் 7 மில்லிமீட்டர் நேராகக் கால்பங்காகிவிடாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலியும், அதோடு வெப்பக் காப்பும் குறையும். நியோப்ரீன் எவ்வளவு மிருதுவோ அவ்வளவு சீக்கிரம் நசுங்கும். டைவிங்குக்கென்று செய்யும் நியோப்ரீன் கொஞ்சம் அடர்த்தியாக, கொஞ்சம் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். உட்புறம் துணியே இல்லாத ஓப்பன்-செல் சூட்கள் தோலோடு ஒட்டிக்கொண்டு அருமையாகக் கதகதப்பு தரும், நன்றாக வளையும். மூச்சடக்கி முக்குளிப்பவர்களுக்கு அவை பொருத்தம். ஸ்கூபாவின் வார்ப்பட்டையும் கொக்கியும் உரசினால், ஏன் நகம் பட்டாலே, கிழிந்துவிடும்.

கதகதப்பும் வேண்டும், வளைந்தும் கொடுக்க வேண்டும் என்றால் நெஞ்சிலும் முதுகிலும் 7, கை கால்களில் 5 அல்லது 6 என்று பகுதிக்கேற்பத் தடிமன் மாறும் சூட்டைப் பாருங்கள். இன்னொரு வழி, 7 மில்லிமீட்டர் சூட்டுக்குள்ளே, தலையை மூடும் ஹூட் இணைந்த மெல்லிய வெஸ்ட் போட்டுக்கொள்வது. தலையும் கழுத்தும் ஒரே துணியாகிவிடுவதால் கழுத்து வழியே தண்ணீர் இறங்குவது வெகுவாகக் குறையும். என் தேர்வு இதுதான். வெஸ்ட் போடுவதாக இருந்தால் சூட்டை அதோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

ஹூட்டைத் தவிர்ப்பது பெரிய தவறு. உடம்பின் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்ற பழைய பேச்சு உண்மையல்ல. ஆனால் மற்ற எல்லாவற்றையும் மூடியபின் திறந்து கிடக்கும் தலைதான் வெப்பம் வெளியேறும் முக்கிய வழியாகிறது. குளிர்நீர் சட்டென்று ஒரு காதுக்குள் மட்டும் புகுந்தால் தலைசுற்றலும் வரும். இறங்கும் முன் ஹூட்டின் ஓரத்தை லேசாக இழுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். காதைக் காற்றோடு அடைத்தால் ஆழத்தில் வலிக்கும்.

தையலைப் பார்க்க மறக்காதீர்கள். ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரும் தட்டைத் தையலில் ஆயிரம் ஓட்டை இருக்கும். குளிர்க்கடலுக்கு ஒட்டி, பாதி ஆழத்துக்கு மட்டும் ஊசி இறக்கித் தைத்தது வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் அகலமான மடிப்பும், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வழவழப்பான ரப்பர் பட்டையும் இருக்க வேண்டும். உள்ளே பளபளவென்று உலோகப் பூச்சு, அது வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று விற்பார்கள். தண்ணீருக்குள் வெப்பம் போவது பெரும்பாலும் கடத்தலாலும் நீரோட்டத்தாலும். கதிர்வீச்சு மிகச் சொற்பம். அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

வெளியே வெயில் அடிக்கிறதே என்று சூட்டைக் குறைப்பவர்களும் உண்டு. மான்டரேயில் மிகக் குளிர்ந்த தண்ணீர் குளிர்காலத்தில் வருவதில்லை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே எழுகிறது. செப்டம்பர், அக்டோபரில்தான் கொஞ்சம் இதமாகும். எனவே வானிலைச் செயலி காட்டும் எண்ணையும் நீர்மட்ட வெப்பத்தையும் விட்டுவிட்டு, நீங்கள் போகும் ஆழத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். உள்ளூர் டைவ் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

பழைய சூட் வாங்குவதானால் கட்டை விரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே நிமிராமல் அப்படியே நின்றால் குமிழிகள் செத்துவிட்டன. 7 என்று எழுதியிருந்தாலும் அது இப்போது 7 இல்லை.

புது 7 மில்லிமீட்டர் சூட் நிறைய மிதக்கும், அதனால் ஈயக்கட்டி கூடுதலாக வேண்டும். ஆழத்தில் சூட் நசுங்கியதும் அந்த மிதவை காணாமல் போகும், நீங்கள் கனமாகிவிடுவீர்கள். மிதவையைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப்பை அங்கியான பி.சி.டி.யில் காற்றடித்துச் சரிக்கட்டலாம். ஆனால் வெப்பநீரில் பழகிய ஈயக் கணக்கோடு இங்கே நேராக ஆழத்துக்குப் போகக் கூடாது. டேங்க் ஏறக்குறைய காலியாகும் நிலையில் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று முதலில் ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள்.

மேலே வந்ததும் ஈரச் சூட்டோடு காற்றில் நிற்பது இன்னொரு தவறு. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான் உங்கள் உடம்பிலும் நடக்கும். காற்று புகாத ஒரு கோட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது டைவை நடுக்கத்தோடுதான் தொடங்குவீர்கள்.

குளிரைப் பொறுத்துக்கொள்வது வீரமல்ல. விரல் மரத்துப்போனால் கொக்கியைக் கழற்ற முடியாது, யோசனையும் மந்தமாகும். அதோடு, மேலேறும்போது உடம்பு குளிர்ந்திருந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவது தாமதமாகும். நடுக்கம் தொடங்கினால் டைவை முடித்துவிட வேண்டும். நன்றாகப் பொருந்திய சூட், ஹூட், 5 மில்லிமீட்டர் கையுறை, பூட்ஸ் எல்லாம் இருந்தும் முப்பது நிமிடத்தில் நடுங்குகிறீர்களா, அல்லது 10 டிகிரிக்குக் கீழே அடிக்கடி போகிறீர்களா? இன்னும் தடிமனான வெட்சூட்டைத் தேட வேண்டாம். அது, தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட்டுக்கான நேரம். விலை அதிகம், அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு, முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.