பெட்டி காலியானதும் புதுக் கூட்டம் வாங்காதீர்கள்

சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்புகளில் தேனீ வளர்ப்பவர்கள், "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று பார்த்தால் பெட்டி காலி" என்பார்கள். நேற்று வரை நன்றாக இருந்திருக்காது. திறந்து பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு கூட்டம் போனால் தேன் மட்டும் போவதில்லை. அதைப் பிரித்து அடுத்த ஆண்டு உருவாக்க வேண்டிய கூட்டங்களும் போகின்றன. பெட்டிகளை நம்பிப் பிழைப்பவருக்கு அது விதைநெல் பறிபோனதற்குச் சமம். அந்தப் பதற்றத்தில் புதுக் கூட்டம் வாங்கி, அதே பெட்டியில் பழைய தேனடைகளோடு குடியேற்றுகிறார்கள். நான் கண்டவற்றில் மிக மோசமான தவறு இதுதான்.

முதலில் புழுக்கள் வளரும் அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடி கிழிந்த அறைகளில் புழுக்கள் தலை தூக்கியபடி செத்திருக்கின்றனவா? ஒன்றை இடுக்கியால் எடுங்கள். நீர் கட்டிய சிறு பை போலத் தொங்கினால், அது தாய்லாந்து சாக் புரூட் வைரஸ் (Thai sacbrood virus). 1991-92ல் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்த நோய் இது. மருந்து கிடையாது. அந்த அடை இருக்கும் மரச்சட்டத்தை அடுத்த பெட்டிக்கு மாற்றினாலோ, மெலிந்த கூட்டத்தை இன்னொன்றோடு சேர்த்தாலோ நோயை நாமே சுமந்துபோய்க் கொடுக்கிறோம். அடைகளை எரியுங்கள். மனம் வராது, ஆனாலும் எரியுங்கள். பெட்டியின் உட்புறத்தைத் தீயில் வாட்டுங்கள்.

அடையில் நூலாம்படையும் கறுப்புத் துகளும் இருந்தால் மெழுகு அந்துப்பூச்சி. பெரும்பாலும் கூட்டம் மெலிந்த பிறகே அது அடையைப் பிடிக்கிறது. மெலிந்தது ஏன் என்று தேடுங்கள்.

பல சமயம் காரணம் நம் பேராசை. பங்குனி, சித்திரையில் வேம்பும் புளியும் பூத்து நிறைந்த தேனை, பெட்டியின் கீழே புழு வளரும் அறை வரை பிழிந்துவிடுகிறோம். ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாமல் தேனீக்கள் என்ன தின்னும்? மேல் அறைத் தேனோடு நிறுத்துங்கள். பஞ்ச காலத்தில் சர்க்கரையும் நீரும் சம அளவில் கரைத்து, பொழுது சாய்ந்த பின் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பு வரும், வேற்றுக் கூட்டம் கொள்ளையடிக்கும்.

பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கு நீட்டியபடி குவியலாகச் செத்திருந்தால், பக்கத்துத் தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். பூத்திருக்கும்போது அடிக்க வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் அந்திக்குப் பிறகு அடியுங்கள், முந்தின நாளே சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு புதுக் கூட்டம் வாங்கலாம். விற்பவர் முன்பாகவே சட்டத்தைத் தூக்குங்கள். அறைக்கு ஒன்றாக, அடித்தளத்தின் நடுவில் முட்டை இருக்க வேண்டும். அறைதோறும் இரண்டு மூன்று கிடந்தால் ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுகின்றன. அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.